மழை அறிவிப்பில் அவள் குரல்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில், மாட்டுத்தீவனக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் அலுவலகம். அவ்வப்போது யாராவது படியேறி வந்து, "ஏனுங்க, இங்க லோனு எப்படிங்க குடுக்கறீங்க?" என்று கேட்பார்கள். வாசல் பலகையில் கூட்டுறவுச் சங்கம் என்பதை சஹகரண சங்கம் என்று மலையாளத்தில் எழுதியிருப்பதால் வருகிற குழப்பம். எங்கள் பக்கத்தில் சொசைட்டி என்றால் ஒன்று பால் ஊற்றும் இடம், இல்லாவிட்டால் கடன் வாங்கும் இடம். நாங்கள் சாஃப்ட்வேர் எழுதுகிறோம், முதலாளி கிடையாது, வேலை செய்கிற எல்லோருக்கும் சங்கத்தில் சமமான பங்கு என்று ஒருமுறை விளக்கினேன். கேட்டவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப தப்புப் பண்ணுனா யாருங்க திட்டுவாங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

நாங்கள் எல்லோரும் கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அந்தக் கம்பெனி எங்களை ஒரே நாளில் வெளியே அனுப்பியது. திரும்ப இன்னொரு இடத்தில் போய் நிற்க மனசில்லாமல் ஊரிலேயே சங்கமாகப் பதிவு செய்துகொண்டோம். பால் சொசைட்டிகளுக்குக் கணக்கு மென்பொருள், விவசாயிகளுக்குத் தொலைபேசியில் சேதி சொல்லும் ஏற்பாடு என்று சின்னச் சின்ன வேலைகள். ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான எண்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்த குரலைக் கேட்கவைப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம். அதனால்தான் மலைக்காரர்களின் வேலை எங்களிடம் வந்தது.

மலைக்காரர்கள் என்று நாங்கள் சொல்வது இடுக்கி மலையில் வண்டன்மேட்டுப் பக்கத்துச் சங்கத்தை. ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். கட்டப்பனையிலும் தேனியிலும் படித்துவிட்டு, பழைய ஏலக்காய் ஸ்டோர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஆரம்பித்திருந்தார்கள். எங்களைப் போன்ற சங்கங்கள் பல ஊர்களில் உண்டு. ஒருவருக்குப் பெரிதாக இருக்கிற வேலையைப் பொதுவில் வைப்போம். முடிந்தவர்கள் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வைத்தது மழை அறிவிப்பு வேலை. சரிவுகளில் மழைமானி பொருத்துவதும், எந்த லயத்தில் யார் எண் என்று சேகரிப்பதும் அவர்கள் பொறுப்பு. லயம் என்பது எஸ்டேட்டின் வரிசை வீடுகள். மழை அளவு எல்லையைத் தாண்டியதும் அந்த லயத்தில் உள்ள எல்லா எண்களையும் கூப்பிடுவது எங்கள் பொறுப்பு.

சேர்ந்து வேலை செய்ய இரண்டே விதிகள் வைத்துக்கொண்டோம். ஒருவர் செய்த பகுதியை இன்னொருவர் கேட்காமல் தொடக் கூடாது. கருத்து வேறுபட்டால் தலையை எண்ணி முடிவெடுக்கக் கூடாது. நாங்கள் அவர்களைவிட அதிகம் பேர், எண்ணினால் எப்போதும் நாங்கள்தான் ஜெயிப்போம். ஒத்துப்போகிறவரை பேச வேண்டியதுதான்.

வாரம் ஒருநாள் வீடியோவில் பேசுவோம். மலைச் சங்கத்துப் பெண் ஒருத்தியை முதலில் அங்கேதான் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, நீங்க எல்லாத்துக்கும் ங்க போட்டுப் பேசுறீங்களே, மழைக்கும் மரியாதையா?"

"ஏன், நான் என்ன சொன்னனுங்க?"

"இந்தா, இப்பக்கூட. மழை நல்லா வருதுங்களான்னு கேட்டீங்க. இங்க அது வந்தா நாங்க வையத்தான் செய்வோம்."

இரண்டு பக்கமும் சிரித்தோம். அன்றிலிருந்து கூட்டம் முடிந்த பிறகும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்போம்.

ஆரம்பத்தில் கணினி உருவாக்கிய குரலைத்தான் போட்டோம். லயத்தில் யாரும் அதை முழுதாகக் கேட்கவில்லை. பேங்க் விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். அவள்தான், "நானே பேசுறேன். என் குரல் இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

பதிவுக்காக நான் மலைக்குப் போனேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம், அப்புறம் கம்பமெட்டு ஏறி வண்டன்மேடு. கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக முக்கால்வாசி வழி தமிழ்நாட்டில்தான். எதிரொலி வராமல் இருக்க, ஸ்டோரில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் உட்கார்ந்தோம். அந்த வாசனையில் எனக்குத் தலை வலித்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, பிறந்ததிலிருந்து அதில் இருக்கிறவள். நாங்கள் எழுதிக் கொடுத்ததை ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளை ஓரமாக வைத்தாள். பிறகு தன் பாட்டுக்குப் பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம லயத்துக்கு மேல மழை ரொம்பக் கூடிருச்சு. சாமானப் பாக்காதீங்க. ஆடு மாட்ட அவுத்து விட்டுட்டு, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்கு வந்துருங்க. மறுபடி கேக்கணும்னா ஒண்ண அமுத்துங்க."

"ஆடு மாடு எல்லாம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"எங்கம்மா ஆட்டுக்காகத் திரும்பிப் போகும் அக்கா. அதுக்கிட்ட நேராச் சொன்னாத்தான் கேக்கும்."

அந்த மழைக்காலம் முழுக்க ஏற்பாடு நன்றாக நடந்தது. கூப்பிட்டால் எடுத்தார்கள், முழுதாகக் கேட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அறிவிப்பு வந்து ஒன்றும் ஆகாமல் திரும்பிய நாட்களில் அவளைக் கேலி செய்வார்களாம். "உன் பேச்சக் கேட்டு உலைய எறக்கி வச்சுட்டு வந்தேன்டி" என்று சித்தி ஒருத்தி சண்டைக்கு வந்ததை நடித்துக் காட்டினாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு கூட்டத்துக்குக் கேமராவை அணைத்துவிட்டு வந்தாள். "காய்ச்சல் அக்கா. கெண்டைக்கால் ரெண்டும் பிடுங்குது. வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கூசுது" என்றாள். டாக்டரிடம் போகச் சொன்னோம். போனாள், மாத்திரையும் சாப்பிட்டாள். எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகத்தில் பிடித்துவிட்டது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்துவிட்டாள்.

கம்பமெட்டுச் சாலையில் மண் விழுந்து பஸ் ஓடவில்லை, எங்களில் யாராலும் போக முடியவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம்.

அவளைப் புதைத்த மறுநாள் மலையில் மழை எல்லையைத் தாண்டியது. யாரும் எதையும் தொட வேண்டியதில்லை, அப்படித்தான் நான் செய்திருந்தேன். லயத்தின் எல்லா எண்களுக்கும் அழைப்பு போயிற்று. அவளுடைய எண்ணும் அதில் இருந்தது. துக்க வீட்டில் சார்ஜில் கிடந்த அவள் போன் அடித்திருக்கிறது. யாரோ அவளுக்குத் தெரிந்தவர் விஷயம் தெரியாமல் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தம்பி எடுத்திருக்கிறான். "எல்லாரும் கேளுங்க" என்று அக்கா பேசினாள்.

இதை எனக்குச் சொன்னவர் மலைச் சங்கத்தில் மழைமானிகளைப் பார்த்துக்கொள்கிறவர். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கோபப்படவில்லை. "பையன் போனைக் கீழ போட்டுட்டு வெளிய ஓடிட்டான். அது தரையில கெடந்து பேசி முடிச்சுச்சு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

அன்றே குரலை மாற்றிவிடலாம் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொன்னோம். மலைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோவில் அவர்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"அந்தக் குரல் எங்க பகுதி. கேக்காமத் தொடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் அண்ணன்.

"தொடலீங்கண்ணா. கேக்கத்தானுங்க கேக்கறோம்."

"அப்ப வேண்டாம்ங்கிறோம். அவ இங்க விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்."

எங்களில் ஒருவர் மெதுவாக, "நீங்க அவ்வளவு பேரும் ஒரே மாதிரித்தான் நெனைக்கறீங்களா?" என்று கேட்டார். ஒரு பெண் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். ஓட்டெடுப்பு என்று வைத்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை. இறந்தவளின் எண்ணை மட்டும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. குரல் இருந்தது.

அதன் பிறகுதான் என் திரையில் அந்த மாற்றத்தைப் பார்த்தேன். அழைப்பு போன எண்களுக்கு எதிரே 'எடுக்கவில்லை' என்று வர ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு. அடுத்த மழைக்கு லயத்தில் பாதி. மழை வலுத்தாலே போனை அணைத்துவைக்கிறார்கள் என்று தெரிந்தது. குழந்தைகள், "மழைக்குள்ளயிருந்து அக்கா கூப்புடுது" என்று சொல்லி அழுகிறார்களாம். அந்த லயத்து வீடு எதிலும் நான் இருந்ததில்லை. ஆனாலும் என் போன் அடித்தால் எனக்கும் அப்படித்தான். மதிய நேரத்தில், காற்று மட்டும் அடிக்கிற எங்கள் வறண்ட ஊரில், எடுத்துக் காதில் வைக்கும்வரை அது அவளாக இருக்குமோ என்று தோன்றும்.

சாலை சரியானதும் மலைக்குப் போனேன். அவள் அம்மாவிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று எண்ணம். அண்ணன் ஜீப்பில் லயத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அந்த அம்மா அப்போதுதான் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடத்தில் உப்பு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் அந்தப் பாலக்காட்டுக்காரியா?" என்றார். "ங்க ங்கன்னு பேசுவேன்னு சொல்லியிருக்கா. உக்காரு தாயி."

பால் ஊற்றாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். நான் வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தும் முடியவில்லை. அவரும் கேட்கவில்லை. மகள் சின்ன வயதில் மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏறி விழுந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அவர் பேசுவது கேட்காமல் போயிற்று. பிறகு அவர் போன் அடித்தது.

அவருடையது மட்டுமல்ல. இடது பக்கத்து வீட்டில் அடித்தது, அதற்கு அடுத்த வீட்டில், அதற்கும் அடுத்த வீட்டில். வரிசை முழுக்க. நான் செய்த வேலையை அதுவரை திரையில் எண்களாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து அது எப்படிக் கேட்கும் என்று யோசித்ததே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நேரம் அடித்து, யாரோ அமுக்கி நிறுத்துவது சுவர் வழியாகத் தெரிந்தது. ஒரு வீட்டில் மட்டும் யாரும் நிறுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த அம்மா எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு, கடைசிவரை கேட்டார். கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முடிந்ததும் ஆட்டை அவிழ்த்துவிட்டார். கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கி முதல் கதவைத் தட்டினார்.

"எம்மக கூப்புடுறா, எடுக்க மாட்டீங்களா? எந்திரிங்க! உசுரோட இருக்கையில மட்டும் எடுத்தீங்கல்ல?"

ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நானும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அது என் தோளில் முகத்தைப் புதைத்து, "அந்தக்கா வருதா?" என்று கேட்டது. இல்லை என்றேன்.

அன்று சரிவில் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்து பெஞ்சில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மாத்திருங்க" என்றார்.

"நான் கேக்கவே இல்லீங்களேம்மா."

"கேக்கத்தான வந்த? இவங்க பயப்படுறாங்க தாயி. பயந்துக்கிட்டு ஊட்டுக்குள்ள உக்காந்தா அவ எதுக்குப் பேசணும்? அவ பேசுனது இவங்க வெளிய வரத்தான." முந்தானையைப் பிழிந்தார். "எனக்கு மட்டும் அவ பேசட்டும். அப்படிச் செய்ய முடியுமா?"

முடியும். ஒரு எண்ணுக்கு ஒரு குரல், மற்ற எண்களுக்கு வேறு குரல் என்று வைப்பது பெரிய வேலையே இல்லை. அந்த வாரக் கூட்டத்தில் நான் சொன்னபோது இரண்டு சங்கத்திலும் ஒருவர்கூட மறுக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் நாங்கள் எதற்கும் ஒத்துப்போனதில்லை. புதுக் குரலுக்கு அண்ணனே பேசினார். பலமுறை பாதியில் நிறுத்தினார். கடைசியில் யாரையோ அதட்டுகிற மாதிரி ஒரு பதிவு வந்தது. அதையே வைத்தோம்.

அடுத்த வருடம் மழை தாமதமாக வந்து மொத்தமாகக் கொட்டியது. ஒரு பகலில் நான் அலுவலகத்தில் இருந்தேன். கீழே தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நல்ல வெயில். திரையில் அந்த லயத்துக்கு அழைப்புகள் போயின. எடுத்தார், எடுத்தார், எடுத்தார் என்று வந்தது. எல்லா அழைப்புகளும் முடிந்தன. ஒன்று மட்டும் முடியவில்லை.

அந்த அம்மாவின் எண். ஒன்றை அமுக்குகிறார், குரல் முதலிலிருந்து பேசுகிறது, முடிகிற இடத்தில் மறுபடி ஒன்றை அமுக்குகிறார். முதலில் எனக்கு உறைக்கவில்லை. பாவம், கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நேரம் போயும் அது முடியாதபோதுதான் உறைத்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தம்மா அங்க வந்துட்டாங்களா?"

"எல்லாரும் வந்தாச்சே..." சத்தத்துக்கு நடுவில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "காணோம் தங்கச்சி."

"ஊட்டுலதானுங்க இருக்காங்க. போனை வெக்கவே இல்லீங்க. திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருக்காங்க."

அவர் ஓடினார். பள்ளிக்கூடத்திலிருந்து லயத்துக்கு ஏற்றம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைமானியின் எண் ஏறிக்கொண்டே போயிற்று. அவள் அங்கே, சாமானப் பாக்காதீங்க, ஸ்கூலுக்கு வந்துருங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மா அதைக் கேட்டபடியே உட்கார்ந்திருக்கிறார். கிளம்பச் சொல்லும் குரலே அவரைக் கிளம்பவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

அழைப்பைத் துண்டிக்க என் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினேன். அவள் எந்த வார்த்தையில் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் போனபோது அந்த அம்மா வாசல்படியில் நின்று, போனை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு சரிவு பெயர்ந்தது. லயத்தின் பின்பக்கச் சுவர் முழுக்க மண்ணில் போயிற்று. அந்த அம்மா உட்கார்ந்திருந்த அறையில் இடுப்பளவு சேறு. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

கொஞ்ச நாள் கழித்து, எஸ்டேட்டில் வேறு லயத்தில் அவர்களைக் குடிவைத்த பிறகு, அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நீதான அத்துவிட்ட?"

"ஆமாங்கம்மா."

"பேசிக்கிட்டு இருக்கையில வாயப் பொத்துன மாதிரி இருந்துச்சு." பின்னால் கோழி சத்தம் கேட்டது. "எனக்கும் இனி அவங்க கேக்குறதயே போடு. அவ கூப்புட்டா நான் எந்திரிக்க மாட்டேன் தாயி. எனக்குத் தெரியும்."

மன்னித்தாரா என்று தெரியவில்லை. மன்னிக்க என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள், அது சரிதான். ஆனாலும் அந்த அம்மா அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. குரலை ஒரு போனில் போட்டுத் தரட்டுமா என்று அண்ணன் கேட்டதற்கு, "எங்கிட்டக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாராம்.

இப்போது வேறு இரண்டு சங்கங்கள் இந்த ஏற்பாட்டைத் தங்கள் ஊர்ச் சரிவுகளுக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன. நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம், அவர்கள் கண்டுபிடித்த திருத்தங்கள் எங்களுக்கு வருகின்றன. அவர்கள் ஊர் ஆட்களின் குரல்கள் அதில் பேசுகின்றன. ஒரே ஆள் பேசக் கூடாது, மூன்று நான்கு பேர் மாறிமாறிப் பேச வேண்டும் என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏன் என்று அவர்கள் கேட்டால் அண்ணன்தான் பதில் சொல்வார், நான் சொல்வதில்லை.

அவள் பதிவு இன்னும் எங்கள் சர்வரில் இருக்கிறது. எந்த எண்ணுக்கும் அது போவதில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் பழையதையெல்லாம் சுத்தம் செய்யும்போது, இதை என்ன செய்வது என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அழிக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை, வைத்திருக்கலாம் என்றும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம்.